இசைக் கல்லூரிப் பட்டம் இல்லாத கிரேக்க இசையமைப்பாளர் யானிஸ் செனாகிஸ் இசைப் பேராசிரியர் ஆனது எப்படி?

அவர் படித்தது ஏதென்ஸில் பொறியியல். அங்கே நடந்த ஆயுதப் போராட்டத்தில் குண்டடிபட்டு இடது கண் போனது; 1947-ல் பாரிஸுக்குத் தப்பினார். அங்கே கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் கட்டடங்களுக்கான பொறியியல் கணக்குப் போடும் வேலை. இசை கற்கப் போனபோது பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியான் சொன்னதுதான் வேடிக்கை: ஹார்மனியெல்லாம் (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் இலக்கணம்) வேண்டாம், உன் கணிதத்தையே இசையாக்கு!

அப்படியே செய்தார். ‘மெட்டாஸ்டாசிஸ்’ படைப்பில் 46 தந்திக் கலைஞர்களுக்கும் ஆளுக்கொரு தனி வரி. ஒவ்வொருவரும் தனித்தனி வேகத்தில் ஸ்வரத்தை மேலோ கீழோ வழுக்கி இழுத்துக்கொண்டே போவார்கள். வரைதாளில் பார்த்தால் வளைந்த கூரை மாதிரி இருக்கும். லெ கொர்பூசியேயிடம் இருந்தபோது அவர் வடிவமைத்த, 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியின் பிலிப்ஸ் அரங்கமும் அதே வளைவுதான். முதல்முறை கேட்டால் இரைச்சலாகத் தோன்றலாம், எனக்கும் அப்படித்தான்.

அப்புறம் 1967 முதல் 1972 வரை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், பிறகு பாரிஸ் பல்கலைக்கழகத்தில். கிரேக்க மண்ணை மறுபடி மிதித்தது 1974-ல்தான்.