வழக்கொழிந்த சொற்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பாட்டி "ஒரு நாழிகை பொறு" என்பார். அது எவ்வளவு நேரம் ஐயா?

பதில்: 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. கடிகாரம் நாளை 24 மணியாகப் பங்கிட்டதும் நாழிகைக்கு வேலை போய்விட்டது. விநாடி மட்டும் பிழைத்துக்கொண்டது. நாழிகையில் 60இல் ஒரு பங்குதான் விநாடி. இன்றைய கணக்கில் 24 நொடி. பெயரை வைத்துக்கொண்டு அளவைச் சுருக்கிவிட்டோம்.

கேள்வி: அரைக்கால், மாகாணி என்பவை என்ன அளவு?

பதில்: காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. மா என்பது 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டுங்கள், 1/16 வரும். அதுதான் மாகாணி. கூட்டல் கணக்கே பெயராகிவிட்டது!

கேள்வி: போனதே என்று நீங்கள் மிகவும் வருந்தும் சொல் எது?

பதில்: ஒன்றல்ல, ஒரு குடும்பமே போய்விட்டது. என் தாய் 'யாய்'. உன் தாய் 'ஞாய்'. அவன் அல்லது அவள் தாய்தான் 'தாய்'. அப்படியே எந்தை, நுந்தை, தந்தை. தம்பிக்கும் எம்பி, உம்பி உண்டு. யாருடைய என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உறவுச் சொல்லுக்குள்ளேயே அந்த ஆள் இருந்தார். குறுந்தொகையின் 40ஆம் பாடல் "யாயும் ஞாயும்" என்றுதான் தொடங்குகிறது. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யாரோ என்று காதலன் வியக்கிறான். இந்த இரண்டு சொல்லுக்கும் இன்று உரை தேவைப்படுகிறதே என்று ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகிறது. 'என் தாய்' என்று நாம் சொல்வது அந்தக் காலத்துக் காதில் 'என் அவனம்மா' என்றுதான் விழுந்திருக்கும்.

கேள்வி: நாற்றம் என்றால் நறுமணம் என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: தாராளமாக. "கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் சங்கைக் கேட்பது மாதவனின் வாய் மணத்தைப் பற்றி.

கேள்வி: ஜன்னலுக்குத் தமிழில் சொல்லே இல்லையா?

பதில்: ஜன்னல் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, சாவியும் அவர்களுடையதே. நம்மிடம் சாளரம், பலகணி, காலதர் எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கில 'விண்டோ'வும் 'காற்றின் கண்' என்ற பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கோ இருந்த இரண்டு கூட்டத்தார் சுவரில் ஒரு திறப்பைப் பார்த்ததும் காற்றையே நினைத்திருக்கிறார்கள்.

கேள்வி: 'வைகறை' என்றால் வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள் அம்மா. நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தவர்கள் இரவு 2 மணி முதல் 6 மணி வரைக்கும் வைத்த பெயர் அது. இருட்டும் விடியலும் சேர்ந்தே அதில் இருக்கின்றன. நாலு நாள் சிரிப்பார்கள், ஐந்தாம் நாள் அவர்களே சொல்வார்கள். எற்பாடு என்ற சொல்லை அப்படி மீட்க முடியுமா என்றுதான் தெரியவில்லை. எல் என்றால் கதிரவன். அவன் சாய்கிற பொழுது எற்பாடு. 'பிற்பகல்' இருக்கிறதே என்பீர்கள். அதில் சாயும் வெயில் இல்லையே!

கேள்வி: பாட்டி சொன்ன சொற்களை எங்கே தேடுவது?

பதில்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் தொடங்குங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அதிலும் இல்லையென்றால் நீங்களே எழுதி வையுங்கள், பாட்டி அதைச் சொன்ன முழு வாக்கியத்தோடு.