தூண்டிலில் பொடி மீன்தான் கடிக்கிறது: குளத்துக்குப் புது மீன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் குத்தகை நிலத்தில் கீரையும் வெண்டையும் போடுகிறோம். நிலத்தோடு வந்த பழைய குளம் ஒன்று இருக்கிறது. அரை ஏக்கர் இருக்கும், நடுவில் ஆள் முங்கும் ஆழம். நாலு வருஷத்துக்கு முன்னால் சிவப்புத் திலாப்பியா 1,000, பாத்தின் என்ற கெளுத்தி 60, பாக்கு என்ற மீன் 40 விட்டோம். பிறகு நண்பர் ஒருவர் விரால் இனத்துப் பெரிய மீனான தோமான் நாலு கொண்டுவந்து போட்டார். முதல் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டால் அரைக் கிலோ மீன் சாதாரணமாக வரும். இப்போது உள்ளங்கை அளவு திலாப்பியா மட்டும்தான். தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. போன வாரம் விடியற்காலை மழைக்குப் பிறகு 20 மீன் செத்து மிதந்தன. குளத்தில் மீன் தீர்ந்துவிட்டதா? பெரிய மீன் 500 வாங்கி விட்டு, கட்டணம் வாங்கித் தூண்டில் போட ஆட்களை விடலாம் என்று யோசிக்கிறோம். பீகாக் பாஸ் என்ற வேட்டை மீனை விட்டால் தேடி வருவார்கள் என்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?

பதில்: தம்பி, அந்த 500 மீனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் குளத்தில் மீன் தீரவில்லை. தாங்குவதற்கு மேல் கிடக்கிறது. எல்லாம் பொடிசு, அவ்வளவுதான்.

திலாப்பியாவின் குணம் இது. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்த மீன். 1946-இல் இங்கிருந்து தைவானுக்குக் குஞ்சுகளாகக் கொண்டுபோன இருவரின் குடும்பப் பெயராலேயே அங்கே இன்றும் அழைக்கிறார்கள். போன இடமெல்லாம் பெருகியது. தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். நம் ஊர்த் தண்ணீர் வருஷம் முழுக்க 27 முதல் 31 டிகிரி. நிற்பதற்கு ஒரு பருவமே கிடையாது, மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு இறக்கிக்கொண்டே இருக்கும். இடம் நெருங்க நெருங்க வளர்வதை நிறுத்திவிட்டு இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். அடுத்த முறை 12 செ.மீ மீன் ஒன்று மாட்டினால் வாயை மெல்லத் திறந்து பாருங்கள். சின்னச் சின்ன மஞ்சள் முட்டை உருண்டு விழுந்தால் வேறு சோதனையே வேண்டாம். சிவப்பாக விட்டது இப்போது சாம்பலும் கறுப்புமாகக் கலந்து வருகிறது என்றால், அவை உங்கள் குளத்திலேயே பிறந்தவை.

கணக்காகச் சொல்கிறேன். அரை ஏக்கர் என்பது 0.2 ஹெக்டேர். காற்றேற்றம் இல்லாத பச்சைத் தண்ணீர்க் குளம் ஹெக்டேருக்கு 1 முதல் 3 டன் மீன் தாங்கும். உங்கள் குளத்துக்கு 200 முதல் 600 கிலோ. நடுவாக 320 கிலோ என்று வையுங்கள். ஒன்று 400 கிராம் என்றால் 800 மீன். 80 கிராம் என்றால் 4,000 மீன். முதல் இரண்டு வருஷம் நீங்கள் பார்த்தது முதல் கணக்கு, இப்போது பார்ப்பது இரண்டாவது. இதில் அறுநூறு எழுநூறு கிராம் மீன் 500 வாங்கி விட்டால் இன்னொரு 300 கிலோ ஏறும். ஒரு மாதத்தில் குளமே அதை இறக்கி வைத்துவிடும், ஒரு விடியற்காலையில்.

அந்தச் செத்த 20 மீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எந்த மீன், எந்த அளவு என்று எழுதவில்லை. பெரிய திலாப்பியாவும் பாக்குவும்தான் என்று நினைக்கிறேன். பிராணவாயு குறையும்போது பெரிய மீன்தான் முதலில் விழும். தோமானும் பாத்தினும் மேலே வந்து காற்றை வாங்கித் தப்பித்துக்கொள்ளும். 30 டிகிரித் தண்ணீர் நிறைவாக வைத்துக்கொள்ளக்கூடிய பிராணவாயுவே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். பகலில் பாசி அதை ஏற்றும், இரவெல்லாம் அதே பாசியும் மீனும் சேர்ந்து குடித்துத் தீர்க்கும். விடியும் நேரத்தில் 2-க்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த நேரம் பார்த்துச் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்தால், குளிர்ந்த மழைநீர் அடியில் இறங்கி, சேற்றில் கிடக்கும் கெட்ட தண்ணீரைக் கிளப்பிவிடும். வானம் மூடிய டிசம்பர் மழை நாட்களில் பகலிலும் பிராணவாயு சரியாக ஏறாது. அது இன்னும் மோசம்.

இப்படி மூன்று நான்காகச் செத்தவை முன்பும் இருந்திருக்கும், உங்கள் கண்ணில் பட்டிருக்காது. நீங்கள் தோட்டத்துக்கு வருவதற்குள் உடும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். கரையில் பெரிய செதிலும் மீன் தலையும் சிதறிக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். கிடந்தால் நீர்நாய்க் குடும்பம் விருந்துக்கு வந்து போகிறது. அவை பொடி மீனைத் தேடி வருவதில்லை. நீர்நாயை அடிக்கவோ பொறி வைக்கவோ கூடாது, சட்டப்படி குற்றம். அடியில் சந்து விடாமல் கரையைச் சுற்றி வேலி போடுவதுதான் வழி.

என் கதை ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் குளம் பார்த்துப் பழகியவன் நான். இங்கே வந்த புதிதில் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க, தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் பேடில் வீல் காலை 5.30-க்கு நிற்கும்படி டைமர் வைத்தேன். ஊரில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிக்குத்தான் எழும் என்பது தெரியும், கை மட்டும் பழைய கணக்கிலேயே திருகிவிட்டது. இருட்டில் போன அந்த ஒன்றரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் மீன் போயிற்று. நீங்கள் 1 குதிரைத்திறன் பேடில் வீல் ஒன்று போடுங்கள். நள்ளிரவிலிருந்து காலை 8 வரை ஓடட்டும். மூடிய வானமாக இருந்தால் 9 வரை.

கரும்பச்சைக்குக் காரணம் உங்கள் பாத்திதான். கோழி எருவும் உரமும் மழையில் கழுவி வந்து குளத்தில் இறங்குகின்றன. வெள்ளைத் தட்டு ஒன்றைக் குச்சி நுனியில் கட்டி, மத்தியானம் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். 30 முதல் 40 செ.மீ ஆழத்தில் கண்ணுக்கு மறைந்தால் நல்ல தண்ணீர். 15-லேயே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. பாத்திக்கும் குளத்துக்கும் நடுவே சின்ன வரப்பு எடுத்து, முதல் மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது மிச்சமுள்ள பிராணவாயுவும் போய்விடும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் துத்தத்திலுள்ள செம்பே மீனுக்கு விஷம்.

எத்தனை மீன் என்று எண்ண ஒரு வழி இருக்கிறது. பாத்தினும் பாக்குவும் குளத்தில் குஞ்சு பொரிக்காது. விட்டதில் போனதைக் கழித்தால் மிச்சம், அவ்வளவுதான். திலாப்பியாவுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலில் வருவதையெல்லாம், ஈரக் கையால் பிடித்து, வயிற்றுத் துடுப்பின் நுனியை மட்டும் கத்தரித்து விட்டுவிடுங்கள். 90 மீன் என்று வையுங்கள். பத்து நாள் கழித்து வீச்சு வலையால் நாலு கரையிலும் பிடியுங்கள். 120 வந்து அதில் 6 நுனி வெட்டியவை என்றால், 90-ஐ 120-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 1,800. வலைக்குத் தப்பும் குஞ்சு இந்தக் கணக்கில் வராது. இரண்டாம் முறையும் தூண்டிலையே போடாதீர்கள். ஒருமுறை குத்துப்பட்ட மீன் உஷாராகிவிடும், கணக்கு எகிறும். ரொம்ப நாள் தள்ளினாலும் துடுப்பு வளர்ந்துவிடும்.

கூடவே தராசும் அளவுகோலும் வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ திலாப்பியா 150 கிராம் சுமார் இருக்க வேண்டும். 110-தான் நிற்கிறது, தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டியும் தெரிகிறது என்றால் பட்டினி.

இனி குறைக்கும் வேலை. பாதி எடையை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் நாலைந்து முறை இழுவலை போட்டு 150 கிலோவுக்கு மேல் பொடி மீனை அள்ளுங்கள். அதைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ கொட்டிவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், புண்ணியமும் இல்லை. உங்களுக்குத்தான் தோட்டம் இருக்கிறதே: ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ வெல்லம் போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமினோ தயார். 10 லிட்டருக்கு 50 மில்லி கலந்து கீரைக்குத் தெளிக்கலாம். மூடியை இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருவார். சாப்பாட்டுக்கு விற்பதானால் முதலில் சிங்கப்பூர் உணவு அமைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைத்தது மறுபடி பெருகாமல் இருக்கக் கொல்மீன் வேண்டும். அமெரிக்காவில் ஆபர்ன் பக்கத்துப் பண்ணைக் குளங்களை ஆராய்ந்த ஸ்விங்கிள், 1950-இல் ஒரு அளவு சொன்னார்: இரை மீனின் மொத்த எடை, அதைத் தின்னும் மீனின் எடையைப்போல் 3 முதல் 6 மடங்குக்குள் இருந்தால் குளம் சமநிலையில் நிற்கும். அவர் பார்த்தது வேறு மீன்கள்தான், ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கு உதவும். உங்கள் நாலு தோமானும் ஆளுக்கு 3 கிலோ என்றால் 12 கிலோ. எதிரில் 320 கிலோ திலாப்பியா, கிட்டத்தட்ட 27 மடங்கு. அவை என்னதான் செய்யும் பாவம்!

பீகாக் பாஸ் இதற்கு ஏற்ற மீன் இல்லை என்பது என் கருத்து. தூண்டில்காரர்களுக்கு அது கண்ணாகத்தான் இருக்கும், போலி இரையை அடிக்கும் வேகமே தனி. ஆனால் பிராணவாயுக் குறைவு அதற்கு ஆகாது. உங்கள் குளம் இருக்கும் இருப்பில் முதல் மழைக்கே மிதக்கும். நிரம்பி வழிந்தால் வடிகால் வழியாக வெளியேயும் போய்விடும். விரால் விடுங்கள், இங்கே ஹாருவான் என்பார்களே அதுதான். இந்த மண்ணின் மீன், கெட்ட தண்ணீரிலும் காற்றை வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். 30 செ.மீ-க்குக் குறையாமல் 40 வாங்குங்கள். அதைவிடச் சின்னதாக விட்டால் தோமானுக்குத்தான் தீனி. அந்த 40 விராலும் ஒரு 12 கிலோ ஏறும், தோமானோடு சேர்த்து 24. திலாப்பியாவை 150 கிலோவுக்குக் குறைத்திருந்தால் கணக்கு 6 மடங்குக்கு வந்துவிடும். மழை இரவில் விரால் புல்லில் ஊர்ந்தே வெளியேறும், ஆகவே கரையைச் சுற்றி முழங்கால் உயர வலை வேண்டும். தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கும் வலை. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர் வீட்டில், புண் ஆற ஹாருவான் சூப்புக்குக் கேட்டு உங்களைப் பிய்த்து எடுப்பார்கள். கொடுத்துவிட்டு மறக்காமல் எண்ணிக்கையில் கழியுங்கள்.

பாத்தினும் பாக்குவும் ஏன் கடிக்கவில்லை என்பதற்குக் காரணம் எளிது. ரொட்டி உருண்டை தண்ணீரில் விழுந்ததும் பொடிசுகள் கொத்திக் கொத்தி அரை நிமிஷத்தில் வெறும் கொக்கியாக்கிவிடுகின்றன. வேகவைத்த சோளத்தையோ கெட்டியான பெரிய தீவனக் குண்டையோ கோத்துப் பாருங்கள். பாக்குவுக்குப் பெயருக்கேற்ற பல், கொட்டையையே உடைக்கும். நேரம் மாலை 4 முதல் 7. அப்போதுதான் பிராணவாயு நிறைந்து மீன் சுறுசுறுப்பாக இருக்கும்.

கட்டணத் தூண்டில் விஷயம். நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் ஒதுக்கிய இடங்களில் எவரும் இலவசமாகத் தூண்டில் போடலாம், ஆனால் செயற்கை இரை மட்டும். ஆகவே காசு கொடுத்து வருபவர் ரொட்டி போடத்தான் வருவார். அங்கேதான் ஆபத்து. காற்றேற்றம் இல்லாத குளத்துக்கு நாளுக்கு ஹெக்டேருக்கு 30 முதல் 50 கிலோ தீனிதான் எல்லை. உங்களுக்கு 6 முதல் 10 கிலோ. 20 பேர் வந்து ஆளுக்கு அரைக் கிலோ ரொட்டியும் தீவனமும் எறிந்தால் அன்றைய கணக்கு முடிந்தது, திங்கட்கிழமை காலை நீங்கள் எண்ணுவது காசை அல்ல. ஒரு நேரத்தில் 6 தூண்டில், சனி ஞாயிறு மாலை மட்டும், இரை நீங்களே அளந்து கொடுப்பது என்று வையுங்கள். முள் நீக்கிய ஒற்றைக் கொக்கி, முடிச்சில்லாத கைவலை. 15 செ.மீ-க்குக் குறைந்த திலாப்பியா திரும்பக் குளத்துக்குப் போகக் கூடாது, பெரியது போகலாம். வழக்கத்துக்கு நேர்மாறான விதி, வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். குத்தகைப் பத்திரத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இது பெரிய வருமானம் தரும் குளம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டச் செலவில் ஒரு பங்கை ஈடுகட்டும். நெரிசல் குறைந்ததும் நின்ற வளர்ச்சி மறுபடி தொடங்கும், நாளுக்கு ஒரு கிராம் சுமாருக்குக் கூடும். இன்று 100 கிராம் இருப்பது ஆறேழு மாதத்தில் 300 தொடலாம். அதுவரை உங்கள் மருமகன்களை மட்டும் தூண்டில் போட விட்டு, எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், எவ்வளவு எடை என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தூண்டில்-மணிக்கு வரும் மீன் குறைந்து அதன் எடை கூடினால், குளம் திரும்புகிறது.

சுண்ணாம்பு போடுவதா என்று இப்போதே சொல்ல முடியாது. அலங்கார மீன் கடையில் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து, பார்க்கும் குப்பி கிடைக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பார்த்து, வெள்ளைத் தட்டு மறைந்த ஆழத்தோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.