ஓய்வுக்கு நான்கு மாதம், எச்ஆர்எம்எஸ்ஸில் பிஎல் குறைகிறதே?

கேள்வி: பொதுத்துறை வங்கி கிளார்க் நான். 2020 ஏப்ரலில் எங்கள் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்தது. என் கணக்குப்படி பிஎல் (பணிநாளுக்கேற்பச் சேரும் ஈட்டிய விடுப்பு) 214 நாள். ஊழியர் விவரங்களுக்கான வங்கி மென்பொருளான எச்ஆர்எம்எஸ் 171 காட்டுகிறது. 'சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு' என்கிறார்கள். பணம் கொடுத்தால் சரிசெய்வதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். லீவ் இருப்பைத் திருத்தும் உரிமை தலைமை அலுவலக எச்ஆர் பிரிவில் சிலருக்குத்தான் உண்டு. வெளியாள் கேட்கப்போவது உங்கள் ஐடி, பாஸ்வேர்டு, ஓடிபி. அவை கிடைத்தால் பிஎஃப் கடனுக்கு விண்ணப்பிக்கலாம், நாமினியை மாற்றலாம். வங்கி விதிப்படி பாஸ்வேர்டைப் பகிர்ந்தது உங்கள் குற்றம். ஓய்வு நெருங்கும் நேரத்தில் சார்ஜ் ஷீட் வந்தால் ஓய்வுப் பலன்கள் நிற்கக்கூடும். 'எச்ஆர் ஆப்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பையும் (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) தொடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள்.

இனி அந்த 43 நாள். முதலில் நீங்களே காசாக்கியதைக் கழியுங்கள். எல்எஃப்சி-யோடு (விடுமுறைப் பயணச் சலுகை) வாங்கிய என்கேஷ்மென்ட், அதாவது லீவைக் கொடுத்து வாங்கிய பணம், 2020 ஊதிய ஒப்பந்தத்தில் வந்த பண்டிகை என்கேஷ்மென்ட் இரண்டும் பலருக்கு மறந்துபோகும். பின்னது வருடத்துக்கு 5 நாள், 55 வயதானவர்களுக்கு 7 நாள். ஐந்து வருடம் 7 நாள் வீதம் வாங்கியிருந்தால் 35 நாள் அதிலேயே போயிற்று.

அப்படியில்லை என்றால், இணைப்பின்போது ஏற்றிய தொடக்க இருப்பைப் பாருங்கள். 31-3-2020 அன்று பழைய வங்கி லீவ் ரெஜிஸ்டரில் இருந்த எண்ணும் அதுவும் ஒன்றா? சட்டப்படி இணைந்த தேதி வேறு, மென்பொருள் மாறிய தேதி வேறு. 11 நாள் பணிக்கு 1 நாள் வீதம் அந்த இடைவெளியில் சேர்ந்த பிஎல் விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். லீவ் அனுமதியான பிறகு வேலைக்கு வந்திருப்பீர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கும். ஆனால் எச்ஆர்எம்எஸ்ஸில் 'லீவ் கேன்சல்' கொடுக்காவிட்டால் கழித்த நாள் திரும்பாது. கேன்சல் கொடுத்திருந்தாலும், ஒப்புதல் தரவேண்டிய மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டால் விண்ணப்பம் அவர் பெயரிலேயே மாதக்கணக்கில் தூங்கும். புதிய மேலாளரின் திரையில் அது தெரியாது. 'பெண்டிங்' பட்டியலைத் திறந்து, யாரிடம் நிற்கிறது என்று பாருங்கள். அதை வட்டார அலுவலக எச்ஆர் புதிய மேலாளருக்கு மாற்றவேண்டும். இதற்குக்கூட ஊழியர்தான் கடிதம் எழுதி அலைய வேண்டியிருக்கிறது. ஆட்கள் மாறுவது நாள்தோறும் நடக்கிற வங்கியில் இதைத் தானே செய்யாத மென்பொருள் எதற்கு?

வருடவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: தொடக்க இருப்பு, சேர்ந்தது, எடுத்தது, காசாக்கியது, மீதி. எண் எந்த வருடத்தில் பிரிகிறதோ அந்த வருடத்து ஆதாரம் மட்டும் போதும். கிளை மேலாளர் கையெழுத்தோடு வட்டார அலுவலகத்துக்கு அனுப்பி, ஒப்புகை வாங்குங்கள். எச்ஆர்எம்எஸ்ஸில் குறையையும் பதிந்து டிக்கெட் எண்ணை வையுங்கள். வாய்வழி உறுதியை நம்பாதீர்கள்.

பழைய ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை என்றால், ஆர்டிஐ எனும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் லீவ் பதிவின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். மேல்முறையீட்டுக்கும் நேரம் வேண்டுமே, இந்த வாரமே போடுங்கள். ஓய்வு நாளோடு ஊழியர் லாகின் மூடிவிடலாம் என்பதால், திருத்திய இருப்பைப் பிடிஎஃப்-ஆக முன்கூட்டியே இறக்கி, சொந்த மின்னஞ்சலில் வைத்துவிடுங்கள்.