‘வேலை உறுதி’ என்று பணம் வாங்கிய பயிற்சி மையம்: எதைக் கேட்டு வழக்குத் தொடுப்பது?

கேள்வி: ஏற்காடு நாகலூரைச் சேர்ந்த பி.காம். பட்டதாரிப் பெண் நான். ‘பயிற்சி முடிந்ததும் நூறு சதவீதம் வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பி, சேலத்தில் ஒரு மையத்தில் 48,000 ரூபாய் கட்டி மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) படித்தேன். எட்டு மாதமாகியும் வேலை இல்லை; ஓசூரிலும் கோவையிலும் நேர்காணல் என்று நான்கு குறுஞ்செய்திகள் மட்டும் வந்தன. ‘வேலைக்கு உதவுவோம் என்றுதானே ஒப்பந்தத்தில் இருக்கிறது’ என்கிறார்கள். கடைசித் தவணை 6,000 ரூபாய் பாக்கி என்று என் ப்ளஸ் டூ அசல் சான்றிதழையும் தர மறுக்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் ‘வேலை வாங்கித் தரவில்லை’ என்பதையே உங்கள் புகாராக வைத்தால் அந்த வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீங்கள் கையெழுத்திட்ட தாளையும், ஓசூரிலும் கோவையிலும் நேர்காணல் இருப்பதாக அனுப்பிய நான்கு குறுஞ்செய்திகளையும் நீட்டி, ‘உதவினோம், தேறவில்லை’ என்று முடித்துவிடுவார்.

பணம் கட்ட வைப்பதற்காக உங்களிடம் சொன்னது பொய் என்பதே புகாராக இருக்க வேண்டும். மெடிக்கல் கோடிங் வேலைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் உயிர் அறிவியல், நர்சிங், மருந்தியல் போன்ற படிப்புகளை முடித்தவர்களையே எடுக்கின்றன. வணிகவியல் பட்டதாரிக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பது அந்தத் தொழிலில் இருக்கும் மையத்துக்குத் தெரியாமல் இருக்காது; தெரிந்தே சேர்த்துக்கொண்டு, ‘உறுதி’ என்று விளம்பரமும் செய்தது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடவடிக்கையாகும். பயிற்சி மையங்களின் இத்தகைய பொய் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனி நெறிமுறைகளே வெளியிட்டது. அதற்குப் பிறகும் சேலம் ஐந்து ரோட்டில் அதே வாசகத்தோடு பேனர்கள் தொங்குவது வேறு கதை.

எனவே துண்டுப் பிரசுரம், சேர்க்கையின்போது வந்த வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள் ஆகியவற்றை இன்றே திரட்டுங்கள், கைப்பேசியை மாற்றாதீர்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, மையத்தின் பெயர் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பெயரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அது கல்வி நிறுவனமா, பயிற்சி மையமா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தொழிற்கல்வி தரும் நிறுவனங்களையும் அதில் சேர்த்தது. ஆனால் பயிற்சி மையங்கள், அதாவது கோச்சிங் நிலையங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகா என்றும், அவற்றின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகவே எதிர்த்தரப்பு முதல் நாளிலேயே ‘நாங்கள் கல்வி நிறுவனம்’ என்று சொல்லும் என எதிர்பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசு வாரியத்தின் அங்கீகாரமும் இல்லாமல், தானே அச்சடித்த சான்றிதழைத் தரும் மையத்துக்கு அந்தப் போர்வை பொருந்தாது என்பதை உங்கள் மனுவிலேயே ஒரு பத்தியாக எழுதிவிட வேண்டும். விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் மனுக்கள் வாசலிலேயே திரும்பியிருக்கின்றன.

முதலில் பணத்தையும் சான்றிதழையும் 15 நாளில் திருப்பித் தரக் கோரி, ஒப்புதலுடன் கூடிய விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்றாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக அது ஆண்டுக்கணக்கில் போவதை எங்களைப் போன்றவர்கள் தினமும் பார்க்கிறோம்; வேலையில்லாமல் மலையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்ணுக்கு அந்த அலைச்சலே தண்டனை என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

காவல் நிலையத்தில் ‘இது சிவில் விவகாரம்’ என்பார்கள். திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவும் சுற்றிச் சுற்றி அதே நிலையத்துக்கே வந்து சேரும். இருந்தாலும் புகார் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வையுங்கள். அங்கே ‘மையத்துக்காரர் நமக்கு வேண்டியவர்தான், பாதிப் பணம் வாங்கித் தருகிறேன்’ என்று வருகிறவரிடம் மட்டும் அகப்பட்டுவிடாதீர்கள். ஊரில் உங்களைச் சேர்த்துவிட்டு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவரும் அவரும் பெரும்பாலும் ஒரே கூட்டம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, அது அடகுப் பொருள் அன்று. பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனுவோடு சேர்த்து, வழக்கு முடியும் முன்பே சான்றிதழைத் தரச் சொல்லும் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அதற்குள் உண்மையான நேர்காணல் ஏதேனும் வந்து, 6,000 ரூபாயைக் கட்டியே மீட்க வேண்டியிருந்தால், வங்கி வழியாக மட்டும் கட்டி, ‘என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் கட்டுகிறேன்’ என்று அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். சான்றிதழைத் தரும்போது ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘அசல் சான்றிதழ் மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதை ஏற்க மறுத்தால், மறுத்ததையும் மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.