எக்ஸ் என்றதும் திகைக்கும் பிள்ளை: வயது வரட்டும் என்று காத்திருப்பதா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஒரு பெட்டியில் 6 பென்சில் என்றால் 5 பெட்டியில் எத்தனை என்று கேட்டால் நொடியில் சொல்கிறான். ஒரு பெட்டியில் எக்ஸ் பென்சில் என்றால் மட்டும், "எக்ஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்" என்கிறான். அருவமாகச் சிந்திக்கும் வயது இன்னும் வரவில்லை, பொறுத்திருங்கள் என்கிறார் ஆசிரியர். பொறுத்திருக்கத்தான் வேண்டுமா? புதிர்ப் புத்தகமோ மூளைப் பயிற்சிச் செயலியோ வாங்கித் தந்தால் பயன் உண்டா?

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. இதுவரை அவன் போட்ட கணக்கெல்லாம் ஓர் எண்ணில் போய் முடிந்திருக்கிறது. 5 × எக்ஸ் என்பது அவன் கண்ணுக்குப் பாதியில் நிற்கும் கணக்கு. அதுவே விடையாகவும் இருக்கலாம் என்பதை அவன் இன்னும் பார்த்ததில்லை.

ஆசிரியர் சொல்வதும் ஆதாரமில்லாத பேச்சல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, பிள்ளைகள் 7 முதல் 11 வயது வரை கண்முன் உள்ள பொருள்களை வைத்தே தர்க்கம் செய்கிறார்கள், அதற்குப் பிறகுதான் பொருளை விட்டு விலகி "இப்படி இருந்தால் என்ன ஆகும்" என்று யோசிக்கிறார்கள் என்றார். அவர் போட்ட அந்தக் கோடு பிறகு இரண்டு பக்கமும் கலைந்தது. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: மேசையில் நான்கு அட்டைகள், அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்" என்ற விதி சரியா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? அ, 7 இரண்டையும். 7இன் மறுபக்கம் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும்; 4இன் மறுபக்கம் எது இருந்தாலும் உடையாது. பெரியவர்களில் பெரும்பாலோர் அ, 4 என்றோ அ மட்டும் என்றோ சொல்லித் தவறுகிறார்கள். அதே விதியை "மது அருந்துபவர் குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருக்க வேண்டும்" என்று மாற்றி 1982இல் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தபோது ஏறக்குறைய நான்கில் மூவர் சரியாகச் சொன்னார்கள். பழகிய பொருளில் எளிதாக வந்த தர்க்கம், வெறும் எழுத்திலும் எண்ணிலும் வரவில்லை. 20 வயதிலேயே தானாக வராத ஒன்று, 12 வயது ஆனால் வந்துவிடும் என்று எதை நம்பிக் காத்திருப்பது?

மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்ற சோதனை முறையை 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறார்கள் என்று 1999இல் ஆய்வாளர்கள் சென், கிளார் இருவரும் காட்டினார்கள். மாதங்கள் கழித்து, வேறு வகைக் கேள்விகளுக்கும் அதைப் பொருத்தியவர்கள் அவர்களில் மூத்த பிள்ளைகள்தாம். ஆக, வயதுக்கும் பங்கு உண்டு. மனத்தில் ஒரே சமயத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய அளவு பதின்பருவத்திலும் வளர்கிறது. அதனால்தான் இந்த வயதில் இவற்றை வாய்க்கணக்காகக் கேட்கக் கூடாது. தாளும் பென்சிலும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

எதையும் தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். 12 என்றோ 17 என்றோ எழுதினால், சமக்குறியை "இதோ விடை" என்ற சைகையாக அவன் படிக்கிறான் என்று பொருள். அந்த நிலையில் எக்ஸைத் தொட வேண்டாம். 7 = 3 + 4, 9 = 9, 6 + 2 = 5 + 3 போன்றவற்றைக் கொடுத்து உண்மையா பொய்யா என்று கேளுங்கள். பிறகு 37 + 56 = 39 + □ கொடுத்து, கூட்டிப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 2 கூடினால் மறு எண்ணில் 2 குறைய வேண்டும், ஆகவே 54 என்று அவன் காரணம் சொன்னால் தளம் தயார்.

அடுத்து குச்சிகள். பல்குத்தும் குச்சி போதும்; வண்ண வண்ணப் பொம்மைகள் வேண்டாம், கவனம் பொம்மையிலேயே நின்றுவிடும். 4 குச்சியில் ஒரு சதுரம். அதை ஒட்டி இன்னொன்று வைத்தால் நடுக்குச்சி பொது, மொத்தம் 7. மூன்று சதுரத்துக்கு 10. இந்த மூன்றையும் அவன் கையால் அடுக்கட்டும். 4, 5 சதுரங்களுக்குப் படம் மட்டும். 10 சதுரத்துக்குப் படமும் இல்லாமல் சொல்லட்டும். மும்மூன்றாகக் கூட்டியே 31க்கு வந்துவிடுவான், பரவாயில்லை. 100 சதுரம் என்று கேட்கும்போதுதான் கூட்டிக்கொண்டே போவது சலித்து, அமைப்பைத் தேடத் தொடங்குவான்.

இங்கே அடிக்கடி வரும் தவறு 310. பத்துக்கு 31, ஆகவே நூறுக்கு அதன் பத்து மடங்கு என்று போவது. தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "2 சதுரத்துக்கு 7, அப்போ 4 சதுரத்துக்கு 14ஆ?" என்று கேட்டு அடுக்கச் சொல்லுங்கள். 13தான் வரும். தொடக்கக் குச்சியை இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று அவனே கண்டுபிடித்தால், 310இல் மிகையாக இருக்கும் 9 குச்சி எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும்.

301 என்ற விடைக்கு வழிகள் பல. முதலில் ஒரு குச்சி, பிறகு சதுரத்துக்கு 3. அல்லது முதல் சதுரத்துக்கு 4, மீதி 99க்கு மும்மூன்று. அல்லது சதுரத்துக்கு 4 வீதம் 400, அதில் பொதுக்குச்சி 99 கழிவு. அவன் வழி எதுவோ அதை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: "சதுரங்களின் எண்ணிக்கையை 3ஆல் பெருக்கி 1 கூட்டு". இரண்டு மூன்று முறை எழுதினால் கை வலிக்கும். அப்போது சுருக்கெழுத்தாக எக்ஸ் வரட்டும்: 3 × எக்ஸ் + 1. எழுத்து தேவைப்பட்ட பிறகு வந்தால் ஒட்டிக்கொள்ளும். தேவைக்கு முன் வந்தால் மிரட்டும். குச்சி, படம், 3 × எக்ஸ் + 1 என்ற கோவை மூன்றும் ஒரே மேசையில் இருக்க, "இந்த 3 குச்சியில் எங்கே? இந்த 1 எங்கே?" என்று கேளுங்கள். ஒருநாள் குச்சி, மறுநாள் குச்சியை எடுத்து வைத்துவிட்டு வெறும் எழுத்து என்று நடத்துவதால்தான் பல வகுப்புகளில் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. மொத்தத்தையும் 15, 20 நிமிடங்கள் கொண்ட மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே எடுத்துக்காட்டில் நிற்க வேண்டாம். ஒரு கதையிலிருந்து மட்டும் கற்ற தீர்வை மனிதர்கள் அடுத்த சிக்கலுக்கு எடுத்துச் செல்வது அரிது. இரண்டை ஒப்பிட்டுப் பொதுவானதைச் சொல்லவைத்தால் அது கூடுகிறது என்பதை ஆய்வாளர்கள் கிக், ஹோலியோக் இருவரும் 1983இல் காட்டினார்கள். 6 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை? 6 அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரு முறை மோதினால் எத்தனை ஆட்டம்? வட்டத்தில் உள்ள 6 புள்ளிகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைக்க எத்தனை கோடு? மூன்றுக்கும் 15. அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து, "கைகுலுக்கலுக்கு ஈடாக இங்கே எது?" என்று கேளுங்கள். பிறகு நான்காவது: 6 பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்கும் கடிதம் எழுதினால்? இது 30. ஏன் இரட்டிப்பானது என்று அவன் விளக்கும்போதுதான் புரிதல் உறுதியாகும்.

ஒரு பொறி மட்டும் கவனம். "ப என்றால் பென்சில்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பென்சில்களின் எண்ணிக்கை என்றே சொல்லுங்கள். ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, பொறியியல் முதலாண்டு மாணவர்களில் 37 சதவீதத்தினர் தவறியதாக 1981இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ என்றால், 6ம = ஆ என்று தலைகீழாக எழுதுவதே வழக்கமான பிழை. எழுத்தைப் பெயர்ச்சுருக்கமாகப் படிப்பது அதற்கு ஒரு காரணம். ஆ = 10 என்று வைத்துப் பார்த்தாலே ம = 6ஆ என்பதுதான் சரி என்று தெரிந்துவிடும்.

புதிர்ப் புத்தகம் மகிழ்ச்சிக்கு வாங்கலாம். மூளைப் பயிற்சிச் செயலியில் அந்த விளையாட்டில் கெட்டிக்காரனாவான். அது இயற்கணிதத்துக்குத் தாவி வருவது அரிது.

எக்ஸ் எவ்வளவு என்று அடுத்த முறை கேட்டால், மூடிய பெட்டிகள் மூன்றை எடுங்கள். அவனுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றிலும் 5 பென்சில் போடுங்கள். இடப்பக்கம் இரண்டு பெட்டியும் 3 பென்சிலும், வலப்பக்கம் ஒரு பெட்டியும் 8 பென்சிலும். இரு பக்கமும் எண்ணிக்கை சமம், எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு, திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெட்டியை எடுத்துவிடுவான், பிறகு மும்மூன்று பென்சிலை. விடையைத் தாளில் எழுதிய பிறகு பெட்டியைத் திறந்து எண்ணிக்கொள்ளட்டும்.