ஒல்லியாக இருப்பவருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி: என் வயது 46, உயரம் 167 செ.மீ., எடை 66 கிலோ. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக வந்தது. கல்லீரலைச் சுத்தம் செய்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று ஒரு நிலையத்தில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். குண்டாக இல்லாத எனக்குக் கொழுப்பு எப்படி வந்தது? பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கல்லீரல் கொழுப்புக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் உங்களிடம் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள்.

உடம்பு மிஞ்சிய சத்தை முதலில் தோலுக்கு அடியில் கொழுப்பாகச் சேமிக்கிறது. அந்தக் குதிர் நம்மவர்கள் பலருக்குச் சிறியது. அது நிறைந்ததும் மிச்சம் கல்லீரலில் படிகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் இரவெல்லாம் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருப்பதால், வெறும் வயிற்றிலும் அளவு உயர்கிறது; அங்கிருந்து கிளம்பும் கொழுப்பு கணையத்திலும் சேர்ந்து, இன்சுலின் சுரக்கும் செல்களைச் சோர்வடையச் செய்கிறது. ஆகவே எடையைவிட இடுப்புச் சுற்றளவே இங்கு முக்கியம். இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவராவது உங்கள் வயிற்றை நாடா வைத்து அளந்தார்களா? மூன்று நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் நம் மருத்துவமுறையில், ஸ்கேன் எடுக்க நேரம் இருக்கிறது, அதன் பொருளைச் சொல்ல நேரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் இத்தகைய நிலையங்கள் முளைக்கின்றன.

கல்லீரல் கழுவி விடும் குழாய் அன்று. கொழுப்பு அதன் செல்களுக்குள் இருக்கிறது. உணவு குறையும்போது உடம்பே அதை எரித்தால்தான் கரையும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழுவினர் 2011இல் 11 நோயாளிகளுக்கு மிகக் குறைந்த உணவு கொடுத்தபோது, ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. பின்னர், உங்களைப் போல் பருமன் இல்லாத 20 பேரைக் கொண்டு அவர்கள் செய்த ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை குறைத்த பின் 14 பேருக்கு நோய் தணிந்தது. உங்கள் கணக்கில் அது ஆறேழு கிலோ. கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 2004இல் அமெரிக்காவில் தோலடிக் கொழுப்பைப் பத்துக் கிலோ அளவுக்கு உறிஞ்சி எடுத்தும் இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதை விழுங்கிக்கொண்டே உணவைப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மருந்துக்கு இது பொருந்தும், மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே, நாளைக்கே, உங்கள் மருத்துவரிடம் கிளிமிபிரைடைக் குறைப்பது பற்றிப் பேசுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மாத்திரையே இல்லாமல் மூன்று மாதம் கழிந்த பின்னும் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை நோய்த் தணிவு என்கிறோம். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும் என்பதால், அதன் பிறகும் ஆண்டுதோறும் இரத்தம், கண், சிறுநீரகப் பரிசோதனைகளை விடக்கூடாது.