வெறும் மேசையின் எண்ணிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,
அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாக மாறுவது இரட்டை பீட்டா சிதைவு. அதில் நியூட்ரினோ என்ற நுண்துகள் வெளிவராத வகையைத் தேடி மலைக்கடியில் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. தோற்றுப்போன ஆய்வை ஏன் இன்னும் தொடர்கிறார்கள்? சிக்கினால்தான் என்ன பயன்?
இயற்பியல் மாணவர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

சிக்கினால், நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றே என்றாகும். இத்தாலிய இயற்பியலாளர் மயோரானா 1937இல் முன்வைத்த கருத்து அது. பயன் பற்றி அவ்வளவு போதும். ‘தோற்றுப்போன’ என்ற சொல்தான் இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. இயற்பியல் படிக்கும் நீங்கள் அதை எழுதலாமா?

கதிரியக்கத்தை எண்ணும் கைகர் எண்ணியை நான் முதன்முதலில் தொட்ட அன்று, எங்கள் ஆசிரியை கதிரியக்கப் பொருளை வெளியே எடுக்கவே இல்லை. வெறும் மேசையை வைத்துப் பத்து நிமிடம் எண்ணச் சொன்னார். டிக், டிக்டிக் என்று கருவி ஒலித்துக்கொண்டே இருந்தது. மேசைதான் காலியாக இருக்கிறதே என்று குறிப்பேட்டில் பூஜ்யம் போட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டார். “கேட்டதை எழுது” என்றார். சுவர், காற்று, வானிலிருந்து இறங்கும் மியூயான் துகள்கள், என் உடம்பிலுள்ள பொட்டாசியம், எல்லாமே பேசும் என்று பிறகுதான் சொன்னார். அவர் இன்று இல்லை. பக்கத்தைக் கிழித்ததற்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

அந்தச் சத்தத்தை அடக்குவதுதான் இந்த ஆய்வுகளின் பாதி வேலை. இத்தாலியின் கிரான் சாசோ மலையில் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் இருக்கிறது இந்தச் சிதைவைத் தேடும் குவோரே ஆய்வு. கவசத்துக்கு ஈயம் வேண்டும். ஆனால் புது ஈயத்தில் 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட, அதாவது 22 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும், கதிரியக்க ஈயம்-210 கலந்திருக்கும். அதனால் சார்டீனியா கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயக் கட்டிகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளில் அவற்றில் அந்தக் கதிரியக்கம் அடங்கிவிட்டது. கட்டிகளில் பொறித்திருந்த எழுத்துகளை வெட்டிப் பாதுகாத்துவிட்டு மிச்சத்தைத்தான் உருக்கினார்கள்.

அதே மலைக்கடியில் ஜெர்டா ஆய்வு ஜெர்மானியம்-76ஐக் கவனித்தது. சிதைவு நடந்தால் 2039 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் குறி விழ வேண்டும். விழவில்லை. 2020இல் அவர்கள் அறிவித்த முடிவு: அரை ஆயுள், 18க்குப் பின்னால் 25 சுழியங்கள் போட்டால் வரும் ஆண்டுகளைவிட அதிகம். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டுகள்தான்! அரை ஆயுள் அவர்கள் அறிவித்த அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்காக இருந்திருந்தால், குறி பலமுறை விழுந்திருக்கும். இதையா தோல்வி என்கிறீர்கள்?

உங்கள் ஆய்வகத்தில் கைகர் எண்ணி இருக்கும். மேசையைக் காலியாக வைத்துப் பத்து நிமிடம் எண்ணுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.